டிரம் ஓடாத நாளில் வந்த நாற்றம்

போன பக்ரீத் அன்று காலை பத்து இருபதுக்கு எல்லாம் கெட ஆரம்பித்தது என்று விசாரணைக்கு வந்தவர்களிடம் சொன்னேன். அதற்கு வெகுநேரம் முன்பே ஆரம்பித்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த நேரம் பத்து இருபது. டீக்கடையில் கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன், அதனால் தெரியும்.

ஆம்பூர்ப் பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு குளிர்பதனக் கிடங்கில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அங்கே இப்போது அமோனியாவை எடுத்துவிட்டு வேறு வாயு போடுகிறார்கள். எல்லாம் திரையில் தெரியுமாம், வால்வைக் கையால் தொடவே வேண்டாமாம். பழைய மிஷின் ஓடிய கதையை எழுதிக் கொடுங்கள் சார், பிரித்து எடுத்துப்போன பிறகு யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று ஷிப்டில் இருக்கும் பிள்ளைகள் கேட்டார்கள். மிஷினைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எந்தப் பக்கம் தொடங்கினாலும் என் மகள் பவித்ராவிடம் வந்து நிற்கிறது. அவள் பக்கத்து அறையில் துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். திங்கட்கிழமை அரக்கோணத்தில் வேலைக்குச் சேர்கிறாள். அதுவும் குளிர்பதனக் கிடங்குதான். வேறு வேலையே இல்லையா என்று கேட்டேன். படித்தது உணவுத் தொழில்நுட்பம், பேங்கிலா சேர்த்துக்கொள்வார்கள் என்றாள்.

நான் சேர்ந்தபோது அது வெறும் ஐஸ் பேக்டரி. உப்புநீர்த் தொட்டியில் தண்ணீர் நிரப்பிய தகரக் கேன்களை இறக்கி, மறுநாள் பாளமாக எடுப்போம். மீன் கூடைக்காரர்கள், சோடாக் கடைக்காரர்கள், கல்யாண வீட்டுக்காரர்கள் வண்டியோடு நிற்பார்கள். பிறகு வீட்டுக்கு வீடு பிரிட்ஜ் வந்தது, ஐஸ் கேட்பார் குறைந்தார்கள். முதலாளி தொட்டியை மூடிவிட்டு அறைகள் கட்டினார். முதலில் புளி வந்தது. புதுப்புளியைக் குளிரில் வைத்தால் அடுத்த வருஷமும் கறுக்காமல் இருக்கும். அடுத்து ஆந்திராவிலிருந்து மிளகாய், ரம்ஜானை ஒட்டிப் பேரீச்சை, கடைசியில் கப்பலில் வரும் ஆப்பிள். புளியை வைத்தால் வைத்த இடத்தில் கிடக்கும். ஆப்பிள் அப்படியல்ல, மூச்சு விடும், சூடாகும், கொஞ்சம் கவனம் தப்பினால் மாவாகிவிடும்.

இதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் தாவீது சார். தலைமை ஆபரேட்டர். பாகாயத்தில் வீடு, ஞாயிறு காலையில் மட்டும் லீவு. குள்ளமான மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். யாரையும் பாராட்டியும் கேட்டதில்லை. ஒரு நாள் பேச்சுவாக்கில், நாமெல்லாம் சாப்பாட்டைக் காப்பாற்றுகிறோம் சார் என்றேன். "காப்பாத்தலாம் இல்ல. அழுகறத கொஞ்சம் லேட் பண்றோம். அதுக்குத்தான் சம்பளம்" என்றார்.

அமோனியாவை அவர் விளக்கிய விதம் எளிமையானது. குழாய்க்குள் ஓடி அறையின் சூட்டை எடுத்து வரும். கம்ப்ரசர் அதை இழுத்து அழுத்தும். எடுத்து வந்த சூட்டை வெளியே கொட்டிவிட்டு அது திரும்பப் போகும். குழாய்க்குள் இருக்கும்வரை நல்ல வேலைக்காரன். வெளியே வந்தால் ஈரமான இடத்தைத் தேடும். ஆளிடம் ஈரமான இடம் என்றால் கண், தொண்டை, நுரையீரல்.

ஷிப்ட் தொடங்கும்போது அவர் இரண்டு காரியம் செய்வார். முதலாவது கந்தகக் குச்சி. ஊதுபத்தி மாதிரி இருக்கும். அதைப் பற்ற வைத்துக்கொண்டு, தோளில் ஈரத்துண்டோடு, குழாய் இணைப்பு ஒவ்வொன்றின் அருகிலும் காட்டிக்கொண்டே போவார். அமோனியா கசிந்தால் அந்த இடத்தில் வெள்ளையாகப் புகை கட்டும். "மூக்க நம்பாத. இந்த ஊர் மூக்கு வேலைக்கு ஆவாது" என்பார்.

இரண்டாவது மணி. ஒவ்வொரு அறைக்குள்ளும் கதவு ஓரத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. உள்ளே மாட்டிக்கொண்டவர் அழுத்தினால் மிஷின் ரூமில் மணி அடிக்கும், அறை எண் எரியும். தாவீது சார் தினமும் ஒவ்வோர் அறையாகப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பொத்தானை அழுத்துவார். நான் மிஷின் ரூமில் நின்று எண்ணைப் பார்த்து, ஓடிப்போய்த் திறக்க வேண்டும். சேர்ந்த புதிதில் ஒருமுறை, மணி கேட்டும் டீயைக் குடித்து முடித்துவிட்டுப் போனேன். வெளியே வந்தவர் திட்டவில்லை. என்னை உள்ளே போகச் சொல்லிக் கதவைச் சாத்தி வெளியே தாழ் போட்டார். நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். திறந்தபோது அவர் கையில் காலி டீ கிளாஸ் இருந்தது.

அவர் வாயில் எப்போதும் இருந்த வாக்கியம் வேறு. மூட்டை தூக்குபவர், லாரி டிரைவர், முதலாளி, யார் அறைக்குள் நுழைந்தாலும் வெளியே வந்தாலும், "கதவ மூடு, குளிர் போவுது." முதலாளியிடம் மட்டும் 'மூடுங்க'. அந்த வாக்கியம் என்னோடு சத்துவாச்சாரியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. பவி சின்னப் பிள்ளையாக இருந்தபோது பிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன தின்னலாம் என்று யோசிப்பாள். நான் கூடத்திலிருந்து கத்துவேன். அவள் என் குரலிலேயே திருப்பிச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவாள்.

இந்த ஊர் மூக்கு என்று தாவீது சார் சொன்னதற்குக் காரணம் எங்கள் மதிலுக்கு அப்பால் இருந்தது. அங்கே தோல் பதனிடும் டேனரி ஒன்று. முன்பக்கம் பச்சைத் தோல் கிடங்கு. உப்பு தூவி அடுக்கி வைத்திருப்பார்கள். அதுவும் எங்கள் வேலையேதான், அவர்களுக்கு உப்பு, எங்களுக்குக் குளிர். பின்பக்கம் பெரிய மர டிரம்கள். சுண்ணாம்பில் ஊறிய தோலை அதில் போட்டு உருட்டிச் சுண்ணாம்பை எடுக்கும்போது வருவதும் அமோனியா நெடிதான். காற்று எங்கள் பக்கம் திரும்பினால் கண் கரிக்கும். வெளியூரிலிருந்து வருபவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கு அது இருப்பதே தெரியாது.

தாவீது சார் ஓய்வு பெற்றுப் பல வருஷம் கழித்து, உள்தாழ்வாரத்தில் வாயு கசிந்தால் கூவும் கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். உள்தாழ்வாரம் என்பது அறைகளின் கதவுகளெல்லாம் திறக்கும் நீண்ட நடை. வால்வுகளும் அங்கேதான். நல்ல கருவி. ஆனால் டேனரியில் டிரம் உருண்டு காற்றும் திரும்பினால் அதுவும் கூவியது. லாரி நிற்கும், ஆட்கள் வெளியே ஓடுவார்கள், ஒன்றும் இருக்காது. எல்லாருக்கும் பேஜாராகிவிட்டது. ஒரு நாள் மேனேஜர் அதன் ஒயரைக் கழற்றச் சொன்னார். கழற்றியபோது நாங்கள் கைதட்டினோம். நானும் தட்டினேன். நாளடைவில் கந்தகக் குச்சியும் வாரத்துக்கு ஒருமுறை என்றாகிவிட்டது. மணியை மட்டும் நான் விடவில்லை.

பவி படிப்பை முடித்ததும் அங்கேயே தரப் பரிசோதனைக்குச் சேர்ந்தாள். நான்தான் மேனேஜரிடம் கேட்டேன். கண்ணெதிரில் இருப்பாள், ஒரே பைக்கில் போய் வரலாம் என்று நினைத்தேன்.

பக்ரீத் அன்று எங்களுக்கு லீவு இல்லை. ஆனால் ஆட்கள் கம்மி. என் உதவியாளர் வரவில்லை. வாசலில் செக்யூரிட்டி, ஆப்பிள் தரம் பிரிக்க மல்லிகா, பவி, நான். மல்லிகா பக்கத்துக் கிராமம், கிடங்கில் எனக்கு அடுத்து மூத்தவர். காலையில் பவி மிஷின் ரூமுக்கு வந்தாள். மூன்றாம் அறையில் கதவோரம் இருக்கும் பெட்டிகளில் ஆப்பிளின் தோலில் இருக்கும் சின்னப் புள்ளிகள் கறுத்திருக்கின்றன என்றாள். உள்ளே தள்ளி இருக்கும் பெட்டிகளில் அப்படி இல்லையாம்.

"லாரியில அடிபட்டிருக்கும்" என்றேன்.

"அடிபட்டா பழுப்பாதானே ஆவும்? இது கறுப்புப்பா. தாழ்வாரத்துல நாத்தமும் ஜாஸ்தியா இருக்கு."

"டேனரிம்மா."

சரி, எல்லாப் பெட்டியையும் பிரித்துப் பார்க்கிறேன் என்று மல்லிகாவைக் கூட்டிக்கொண்டு மூன்றாம் அறைக்குள் போனாள். நான் இரண்டாம் அறையின் குழாயில் படிந்த பனியைக் கரைக்க, வழக்கம்போலக் கம்ப்ரசரிலிருந்து வரும் சூடான அமோனியா வாயுவைத் திறந்துவிட்டேன். அது ஓடி முடிய நேரம் ஆகும். எதிரிலிருந்த டீக்கடைக்குப் போனேன்.

அன்வர் பாய் அங்கே இருந்தார். டேனரியின் காவலாளி, எத்தனையோ வருஷத் தோஸ்த். தொழுகை முடித்து வெள்ளைச் சட்டையில் அத்தர் மணக்க நின்றார். அவருக்கும் ஒரு டீ சொன்னேன். அத்தரையும் மீறி அந்த நெடி வந்தது. கைப்பேசியில் நேரம் பார்த்துக்கொண்டே, "இன்னா பாய், பெருநாள் அன்னிக்காவது உங்க நாத்தத்த கம்மி பண்ணக் கூடாதா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இன்னா சார் பேசுறீங்க? பெருநாளுக்குன்னு மூணு நாளா டிரம்மே உருளல. காது கேக்கலையா?"

கேட்டுப் பார்த்தேன். மதிலுக்கு அப்பால் ஒரு சத்தமும் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தடதடவென்று உருண்டுகொண்டிருந்த ஒன்று நின்றிருந்தது. மூன்று நாளாக அது எனக்கு உறைக்கவில்லை. சத்தம் நின்ற பிறகும் நாற்றம் எங்கிருந்து வருகிறது?

டீயை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. சாலையைக் கடந்து உள்ளே ஓடியபோது செக்யூரிட்டி கண்ணைக் கசக்கிக்கொண்டு எதிரே ஓடி வந்தார். உள்தாழ்வாரத்தின் வாசலில் தரையோடு வெள்ளையாகப் புகை உருண்டு வந்துகொண்டிருந்தது. பல நாளாகச் சன்னமாகக் கசிந்த ஓர் இணைப்பு, சூடான வாயுவின் அழுத்தம் ஏறியதும் வாயைத் திறந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. மூன்றாம் அறையிலிருந்து வெளியே வர அந்தத் தாழ்வாரத்தை விட்டால் வேறு வழி கிடையாது.

நான் அதற்குள் போகத்தான் ஓடினேன். பின்னாலிருந்து அன்வர் பாய் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். பட்டன் தெறித்தது.

"பவி உள்ள இருக்கா பாய்."

"தெரியுது. எங்க தொட்டிக் கதை உங்களுக்குத் தெரியாதா? ஒருத்தன எடுக்கப் போய் இன்னொருத்தனும் உள்ள கிடப்பான். மிஷின பாக்கத் தெரிஞ்சவரு நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. அதப் பாருங்க."

டேனரிக் கழிவுத் தொட்டியில் இறங்கி விஷவாயுவில் செத்தவர்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். நான் நின்றேன். எங்களிடம் இருந்த வடிகட்டி முகமூடி அவ்வளவு அடர்த்தியான வாயுவில் தாங்காது என்பதும் எனக்குத் தெரியும். பாய் தன் டேனரியிலிருந்து தண்ணீர்க் குழாயை மதில்மேல் போட்டு இழுத்து வரப் போனார். தீயணைப்புக்குச் சொல்லும்படி செக்யூரிட்டியிடம் கத்திவிட்டு மிஷின் ரூமுக்குள் போனேன்.

இதைத்தான் பிள்ளைகள் கேட்டார்கள், ஆகையால் சரியாகச் சொல்கிறேன். அமோனியா கசிந்தால் முதலில் எல்லாவற்றையும் நிறுத்தத்தான் கை போகும். நிறுத்தக் கூடாது. சூடான வாயுவின் வால்வை மூட வேண்டும். திரவம் சேர்ந்திருக்கும் உருளையிலிருந்து அறைகளுக்குப் போகும் வால்வை மூட வேண்டும். கம்ப்ரசரை மட்டும் ஓடவிட வேண்டும். குழாயில் மிச்சம் இருப்பதை அது இழுத்து உருளைக்குள் அடைத்துவிடும். இழுக்க இழுக்க அழுத்தம் இறங்கும், கசிவும் தானாகக் குறையும். ஆனால் அழுத்தம் ஓரளவு இறங்கியதும் மிஷின் தானே நின்றுவிடும். குழாயில் இருக்கும் திரவம் கொதித்து அழுத்தம் மறுபடி ஏறும், மறுபடி ஓட்ட வேண்டும். பக்கத்தில் ஆள் நின்றே ஆக வேண்டும். அந்த ஆள் நான்.

அழுத்தமானியின் முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது மணி அடித்தது. மூன்றாம் எண் எரிந்தது.

நீளமாக ஒருமுறை அடித்தது, நின்றது, மறுபடி நீளமாக அடித்தது. தாவீது சாரிடம் கற்றுக்கொண்டு நான் அழுத்தும் அதே மாதிரி. பவிக்கு நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். உயிரோடு இருக்கிறாள், நினைவோடு இருக்கிறாள். மணி கேட்டால் ஓடிப்போய்த் திறக்க வேண்டும் என்று பழக்கப்பட்ட கால்களை நகர விடாமல் நின்றேன். மிஷின் நின்றது, ஓட்டினேன். மணி அடித்தது. மிஷின் நின்றது, ஓட்டினேன்.

பையில் கைப்பேசி அதிர்ந்தது. என் மனைவி. மேனேஜராக இருக்கும் என்று நினைத்து, யாரென்று பார்க்காமலே எடுத்துவிட்டேன்.

"பவி போனு போவவே மாட்டேங்குது. இன்னா பண்றா?"

"உள்ள இருக்கா. ரூம்ல சிக்னல் வராது."

"இன்னா அங்க மணி அடிக்குது?"

"டெஸ்ட்டு" என்றேன். வைத்துவிட்டேன்.

அதற்குக் கொஞ்ச நேரத்தில் மணி நின்றது.

இடைவெளி என்று நினைத்தேன். காத்திருந்தேன். அடுத்தது வரவில்லை. எண்ணின் விளக்கும் அணைந்திருந்தது. தீயணைப்பு வண்டி வந்துவிட்டது, தீப்பொறி கூடாதென்று கிடங்குப் பக்கத்தின் மின்சாரத்தை அவர்கள் துண்டித்திருந்தார்கள், மிஷின் ரூமின் இணைப்பு தனி. இது எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்தது, மணி நின்றுவிட்டது என்பது மட்டும். முள் இன்னும் பூஜ்யத்துக்கு வரவில்லை. நான் வால்வை விட்டுவிட்டுப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று என் மனைவி இன்றைக்கும் கேட்கிறாள். போயிருந்தால் கசிவு நின்றிருக்காது என்று நான் சொல்வது சரியான பதில்தான். அவளுக்கு அது பதிலாகப் படவில்லை. சில நாள் எனக்கும் படுவதில்லை.

இப்போதெல்லாம் பஸ்ஸில் டேனரி ஓரம் போகும்போது அந்த நெடி வந்தால் உடனே பவிக்குப் போன் செய்துவிடுகிறேன். எங்கே இருக்கிறாய் என்பேன். நீ எங்கே இருக்கிறாய் என்று அவள் கேட்பாள். சொன்னால், "ப்பா, அது டேனரிதான். டிரம் சத்தம் கேக்குதா பாரு" என்பாள். கேட்கும். ஆனாலும் வீட்டுக்கு வந்து அவளைப் பார்க்கும்வரை உட்கார முடிவதில்லை. அரக்கோணத்தில் அவள் சேரும் இடத்துக்கு அவளுக்குத் தெரியாமல் போய் வந்தேன். வாயு கசிந்தால் கூவும் கருவியின் ஒயர் இருக்கிறதா என்று கேட்டேன். வாசலில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

அன்று முள் பூஜ்யத்தைத் தொட்டதும் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தேன். முற்றம் முழுக்கத் தண்ணீர். அன்வர் பாயின் வெள்ளைச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கண்கள் சிவந்து, இன்னும் குழாயை வாசலுக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். தீயணைப்புக்காரர்கள் காற்று உருளைகளை முதுகில் மாட்டிக்கொண்டு தண்ணீர்த் திரைக்கு நடுவே நுழையத் தயாராக இருந்தார்கள். உள்ளே எத்தனை பேர் என்று அவர்களின் அதிகாரி கேட்டார்.

"ரெண்டு பேர். மூணாம் ரூம்" என்றேன்.

"அதுல ஒண்ணு சாரோட பொண்ணு" என்றார் பாய்.

அதிகாரி என்னைப் பார்த்தார். பிறகு பார்க்கவில்லை. அவர்கள் உள்ளே போனார்கள். கதவை இடிக்கும் சத்தம் கேட்டது. கதவு ஏன் திறக்கவில்லை என்று யோசிக்கப் பயமாக இருந்தது. பாய் குழாயைச் செக்யூரிட்டியின் கையில் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

முதலில் வந்தது மல்லிகாதான். ஒரு தீயணைப்புக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு, அவர் மாட்டிவிட்ட முகமூடியைக் கழற்றிக்கொண்டே, அவரைத் திட்டிக்கொண்டு வந்தார். "நாங்கதான்யா உள்ள டேப்பு ஒட்டி வச்சிருந்தோம். பிரிக்கிறோம் பிரிக்கிறோம்னு கத்துறேன், நீ பாட்டுக்கு ஒடைக்கிற."

பெட்டி ஒட்டும் டேப். கதவைத் திறக்கப் போனபோது தாழ்வாரத்தில் வெள்ளையாக ஏதோ மிதப்பதைப் பார்த்த பவி, திறந்த வேகத்திலேயே கதவைத் திரும்பச் சாத்தியிருக்கிறாள். இடுக்குகளில் டேப்பை ஒட்டி, கீழே சாக்கைத் திணித்துவிட்டு, பொத்தானை அழுத்தினாளாம். குளிர் உள்ளே நிற்பதற்காகக் கட்டிய கதவு, வாயுவை வெளியே நிறுத்திவிட்டது. விளக்கு அணைந்ததும் இருவரும் ஆப்பிள் பெட்டிகளுக்கு நடுவே சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

மல்லிகாவுக்குப் பின்னால் நீண்ட நேரம் யாரும் வரவில்லை. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

பிறகு அவள் வந்தாள். தோளில் சாக்கு, உதடு வெளுத்திருந்தது, தலைமுடியில் ஆப்பிளைச் சுற்றும் வெள்ளை வலை ஒன்று மாட்டியிருந்தது. நானும் அவளைத் தொடவில்லை, அவளும் அழவில்லை. திரும்பி, உடைத்துத் திறந்து கிடந்த கதவின் பக்கம் பார்த்தாள்.

"கதவ மூடச் சொல்லுப்பா" என்றாள். "குளிர் போவுது."